புதிய பதிப்பும் பழைய கோப்புகளும்

திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட 'கைட்' நிறுவனம் கேரளப் பள்ளிகளுக்குக் கட்டற்ற மென்பொருள்களை வழங்கி வருகிறது. அவற்றுள் அலுவலகப் பணிக்குரியது லிப்ரே ஆபீஸ். ஆண்டுதோறும் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் இதன் புதிய பதிப்பு வெளிவருதல் வழக்கம்.

அப்பொழுதெல்லாம் ஆசிரியர் உள்ளத்தில் நம்பிக்கையும் ஐயமும் ஒருங்கே எழுகின்றன. பிழைகள் குறையும் என்பது நம்பிக்கை; பழைய வினாத்தாளின் அமைப்புக் குலையுமோ என்பது ஐயம். பிற மென்பொருளின் வடிவில் சேமித்த கோப்புகளில் அட்டவணைகள் இடம்பெயர்தல் உண்மையே. யூனிகோடுக்கு முற்பட்ட எழுத்துருவில் அமைந்த தமிழோ, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். இது புதிய பதிப்பின் குற்றமன்று.

ஆகவே, 2006-இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட திறந்த ஆவண வடிவில், யூனிகோடு எழுத்தில் சேமித்தல் நலம். மூலப்படியைத் தனியே காத்து, புதிய பதிப்பை முதலில் ஒரே கணினியில் சோதித்தல் வேண்டும். தேர்வுக் காலத்தில் மாற்றம் தவிர்க்கத்தக்கது. வெளியீட்டுக்கு முன்வரும் சோதனைப் பதிப்பிற் கண்ட பிழையை உரியவர்க்கு அறிவிக்கும் ஆசிரியர், தம் பள்ளிக்கு மட்டுமன்றி யாவர்க்கும் உதவியவராவார்.