கட்டிடங்களைச் சாய்த்த மணல்: உள்ளே நடப்பதைக் காட்டுகிறது கம்ப்யூட்டர்!

ஜப்பானில் நீகாட்டா என்று ஒரு நகரம். கடலோர நகரம். 1964-ம் ஆண்டு ஜூன் மாதம் 16-ந் தேதி பகல் 1 மணிக்கு அங்கே பெரிய பூகம்பம் ஏற்பட்டது.

கவாகிஷி-சோ என்ற பகுதியில் நாலு மாடிக் கட்டிடங்கள் வரிசையாக நின்றன. எல்லாம் கான்கிரீட் கட்டிடங்கள். பூமி ஆடியது. கட்டிடங்கள் இடிந்து விழவில்லை. அப்படியே சாய்ந்தன! ஒரு கட்டிடம் ஏறக்குறைய படுத்தே விட்டது. உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்து, சுவர் மீதே நடந்து இறங்கினார்கள்!

சில கட்டிடங்களைப் பிறகு தூக்கி நிமிர்த்தி, மறுபடியும் பயன்படுத்தினார்கள். அவ்வளவு உறுதி! குற்றம் கட்டிடத்தில் இல்லை. அடியில் இருந்த மணல் குழம்பாகிவிட்டது.

அன்று காலை வரை பாரம் தாங்கிய மணல், திடீரென்று ஏன் கைவிட்டது?

காலடியில் ஒரு பாடம்

கடற்கரையில் ஈர மணலில் நடந்து பாருங்கள். கால் ஊன்றியதும், பாதத்தைச் சுற்றி மணல் காய்ந்தது போல வெளுக்கும். இதற்குக் காரணம் சொன்னவர், ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற இங்கிலாந்து பேராசிரியர். ஆண்டு 1885.

நெருங்கிக் கிடக்கும் மணலைத் தள்ளினால், ஒரு மணி இன்னொரு மணி மீது ஏறித்தான் நகர முடியும். அதனால் இடைவெளி பெருகுகிறது. மேலே நின்ற தண்ணீர் அதற்குள் இறங்கிவிடுகிறது.

தளர்ந்து கிடக்கும் மணலோ நேர்மாறு. படியில் அரிசியைக் கொட்டித் தட்டினால் தணிகிறது அல்லவா? அப்படித் தணியப் பார்க்கும். நடுவில் தண்ணீர் இருந்தால் ஆபத்துதான். தண்ணீர் வெளியேற நேரம் இல்லை. மணிகள் சுமந்த பாரம் தண்ணீர் மீது விழுகிறது. மணிகளின் பிடி விட்டுப் போகிறது. நீகாட்டாவில் நடந்தது இதுதான்.

மணி மணியாகக் கணக்கு

மணலுக்குள் புகுந்து பார்க்க முடியுமா? பீட்டர் கண்டல் என்ற என்ஜினீயர் ஒரு வழி கண்டார். 1971-ல் பாறைத் துண்டுகளுக்காக ஒரு கணக்கு முறையை உருவாக்கினார். 1979-ல் ஆட்டோ ஸ்டிராக் என்பவருடன் சேர்ந்து, அதை மணலுக்கும் பயன்படுத்தி வெளியிட்டார்.

முறை எளிதுதான். கம்ப்யூட்டருக்குள் மணிகளை நிரப்புகிறார்கள். எந்த மணி எதைத் தொடுகிறது, எவ்வளவு அழுத்துகிறது, எந்தப் பக்கம் நகர்கிறது, இதைக் கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது. ஒரு நொடியின் மிகச் சிறிய பகுதி கழிந்ததும், எல்லா மணிக்கும் மறுபடி கணக்கு! இப்படி லட்சக்கணக்கான தடவை.

தெரிந்தது என்ன? எல்லா மணியும் சமமாகச் சுமப்பதில்லை! சில மணிகள் சங்கிலி போலக் கோத்து நின்று பெரும்பாரம் தாங்குகின்றன. பக்கத்து மணி சும்மா இருக்கிறது. அழுத்தினால் ஒளிக்கோடு காட்டும் வட்டத் தகடுகளை வைத்து, ஆலந்து விஞ்ஞானிகள் இருவர் 1969-ல் இதே சங்கிலிகளைக் கண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் படமும் அதை ஒத்திருந்தது.

தண்ணீர் நிறைந்த மணலைக் கம்ப்யூட்டரில் முன்னும் பின்னும் ஆட்டினால், ஒரு மணியைத் தொடும் மணிகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. சங்கிலிகள் அறுகின்றன. பிறகு சரிவுதான்.

இன்னொரு வசதி. நிஜ மணலை ஒரு முறை கலைத்தால், அதே அடுக்கு திரும்ப வராது. கம்ப்யூட்டரில் அதே அடுக்கை எத்தனை முறை வேண்டுமானாலும் தள்ளிப் பார்க்கலாம்.

ஆனால் ஒரு பிடி மணலிலேயே லட்சக்கணக்கில் மணிகள். ஓர் அணை முழுவதையும் மணி மணியாக எண்ணுவது நடக்காத காரியம். மேலும், நிஜ மணி உருண்டை அல்ல, கோணல் மாணல். கம்ப்யூட்டர் உருண்டைகளோ எளிதில் உருண்டு விடுகின்றன. அதனால் உருளுவதற்குக் கணக்கிலேயே ஒரு தடை போடுகிறார்கள். எவ்வளவு தடை? அதை அறிய, நிஜ மணலைச் சோதனைச்சாலையில் வைத்து அழுத்தித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது!