சேஃப் மோடிலும் திறக்காத கம்ப்யூட்டர்: கடைக்காரர் கவனத்திற்கு

கம்ப்யூட்டரில் பில் போடுவது இப்போது பெருநகரக் கடைகளுக்கு மட்டும் உரியதல்ல. தருவைகுளம் போன்ற கடற்கரை ஊரின் மளிகைக் கடையிலும் சரக்கு இருப்பு, ஜி.எஸ்.டி. கணக்கு, வாடிக்கையாளர் பற்று வரவு எல்லாவற்றையும் அதில் ஏற்றி வைக்க முடியும். பல நாள் கடலில் தங்கும் படகுகளுக்கு அரிசி, பருப்பு, மசாலா கடனாகக் கட்டிக் கொடுத்தால், படகு கரை திரும்பி மீன் விலைபோன பிறகுதான் பணம் வரும். அந்தப் பாக்கிக் கணக்கு கம்ப்யூட்டரில் மட்டுமே இருந்து, ஒருநாள் காலையில் அது திறக்க மறுத்தால், முடங்குவது இயந்திரம் மட்டுமல்ல. நமக்கு வர வேண்டிய பணமும்தான்.

சாதாரணமாகவும் திறக்காமல், ‘சேஃப் மோட்’ என்னும் பாதுகாப்பு முறையிலும் திறக்காத கம்ப்யூட்டரை என்ன செய்வது, எதைச் செய்யவே கூடாது என்பதை இங்கே பார்ப்போம்.

சேஃப் மோட் என்றால் என்ன?

விண்டோஸ் திறக்கும்போது பிரிண்டர், இன்டர்நெட், வைரஸ் தடுப்பு முதலியவற்றுக்கான புரோகிராம்களும் கூடவே ஏறுகின்றன. அவற்றில் ஒன்று கெட்டிருந்தாலும் திறப்பது தடைபடலாம். மிக அவசியமானவற்றை மட்டும் ஏற்றித் திறப்பதே சேஃப் மோட். கடையின் முன்கதவு சிக்கிக்கொண்டால் பக்கவாசல் வழியாக உள்ளே போய்ப் பார்ப்பது போன்றது இது. இதில் பில் அச்சடிக்க இயலாது. பழுது பார்க்கவும் கணக்கைப் பிரதி எடுக்கவும் மட்டுமே பயன்படும்.

விண்டோஸ் 95 காலத்தில் எஃப் 8 பொத்தானை அழுத்தினால் இந்த வழி திறக்கும். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் அந்தப் பொத்தான் தானாக வேலை செய்வதில்லை. இப்போது விண்டோஸ் சின்னம் தோன்றியதும் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் பழுதுநீக்கும் திரை வரும். அதில் டிரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று வரிசையாகச் சென்று, பட்டியல் வந்ததும் 4-ஆம் எண்ணை அழுத்த வேண்டும்.

அதிலும் திறக்காவிட்டால்

பக்கவாசலும் திறக்கவில்லை என்றால் கோளாறு ஆழமானது என்று பொருள். பதற்றப்படாமல் கீழ்க்கண்ட வரிசையில் பாருங்கள்.

1. பிரிண்டர், பார்கோடு கருவி, பென்டிரைவ் அனைத்தையும் கழற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். செருகியபடி மறந்துவிட்ட ஒரு பென்டிரைவே தடையாக இருப்பதுண்டு.

2. திரையில் எதுவுமே வராமல் ‘பீப்’ ஒலி மட்டும் கேட்டால் ராம் எனப்படும் நினைவக அட்டையைச் சந்தேகிக்கலாம். உப்பளங்கள் சூழ்ந்த நமது கரையில் உப்புக்காற்று உலோக முனைகளை விரைவில் அரிக்கும். மின் இணைப்பை முழுவதும் துண்டித்த பிறகு, விவரம் அறிந்தவரைக் கொண்டு அட்டையைக் கழற்றிச் சுத்தம் செய்து மீண்டும் பொருத்தச் சொல்லுங்கள்.

3. பயாஸ் திரையில் ஹார்டுடிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் கேபிளோ டிஸ்க்கோ பழுது. டிஸ்க்கிலிருந்து ‘டிக் டிக்’ என்று ஒலி வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். மீண்டும் மீண்டும் ஓட விட்டால் உள்ளே இருக்கும் கணக்கும் சிதையலாம்.

4. டிஸ்க் நன்றாக இருந்து விண்டோஸ் மட்டும் திறக்கவில்லை என்றால், பழுதுநீக்கும் திரையிலுள்ள ஸ்டார்ட்அப் ரிப்பேர், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ், சிஸ்டம் ரீஸ்டோர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக முயன்று பார்க்கலாம்.

5. சேஃப் மோட் வந்தும் பின் எண்ணை ஏற்காவிட்டால் முழு பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். தினமும் நான்கு இலக்கத்தையே அழுத்திப் பழகியவர்கள் பாஸ்வேர்டை மறந்துவிடுவது இயல்பு. அதைக் குறித்து வைப்பது அவசியம்.

உலகமே தவித்த நாள்

2024 ஜூலை 19 அன்று, இந்திய நேரம் காலை 9.40 மணி அளவில், கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் அமெரிக்கப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் பிழையான ஒரு கோப்பை அனுப்பியது. அதைப் பெற்ற விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டி நின்றன. பாதிக்கப்பட்டவை சுமார் 85 லட்சம் என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. நமது நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குப் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தக் கோப்பு 78 நிமிடத்தில் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் திறக்க முடியாத கம்ப்யூட்டரால் திருத்தத்தைப் பெற முடியுமா? ஏராளமான கம்ப்யூட்டர்களை ஆட்கள் நேரில் போய் சேஃப் மோடில் திறந்து, அந்த ஒரு கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. அங்கே அடுத்த தடை காத்திருந்தது. பிட்லாக்கர் என்னும் பூட்டுப் போட்ட டிஸ்க்குகள் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டன. அந்த எண் கைவசம் இல்லாதவர்கள் வாசலிலேயே நின்றார்கள்.

பெரிய நிறுவனங்கள் வாங்கும் மென்பொருள் அது. நம் கடைகளில் இருப்பதில்லை. ஆனால் அந்தப் பூட்டு நம்மிடமும் இருக்கலாம். புதிய விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டப்படுகிறது. மீட்பு எண் அந்தக் கணக்கில் பதிவாகியிருக்கும். கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்த பையனின் ஈமெயிலில் கணக்குத் திறந்திருந்தால், நம் கடைச் சாவி அவரிடம் இருக்கிறது என்றே அர்த்தம்!

ஃபார்மட் என்று சொல்வதற்கு முன்

பழுது பார்க்க வருபவர் முதலில் சொல்லும் யோசனை பெரும்பாலும் “ஃபார்மட் பண்ணிடலாம் அண்ணாச்சி” என்பதுதான். விண்டோஸை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் போடலாம்; அழிந்த கணக்கைத் திரும்பப் போட முடியாது. ‘என் கோப்புகளை வைத்துக்கொள்’ என்று கேட்கும் ரீசெட் முறையும் புரோகிராம்களை நீக்கிவிடும். பில் மென்பொருளின் கணக்குக் கோப்பு அதே ஃபோல்டரில் இருந்தால் அதுவும் போகலாம். எனவே டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி. கேபிள் வழியாக வேறொரு கம்ப்யூட்டரில் இணைத்து, கணக்கை முதலில் பிரதி எடுக்கச் சொல்லுங்கள். பிரதி திறக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகே ஃபார்மட்டுக்குச் சம்மதியுங்கள்.

இதில் சட்டமும் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் ஜி.எஸ்.டி. சட்டம் 36-ஆம் பிரிவின்படி, ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைக் காக்க வேண்டும். கம்ப்யூட்டரில் கணக்கு வைப்போர், விபத்தோ இயற்கைச் சீற்றமோ நேர்ந்தாலும் மீட்கும்படி பிரதி வைத்திருக்க வேண்டும் என்கிறது 57-ஆம் விதி. ‘கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது’ என்பது பதிலாகாது.

அன்றைய வியாபாரம்

கம்ப்யூட்டர் கிடக்கிறது என்று கடையைச் சாத்த வேண்டியதில்லை. ஒரே நிதியாண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட பில் எண் வரிசைகளை வைத்துக்கொள்ள விதி 46 இடம் தருகிறது. ஆகவே தனி வரிசை எண் அச்சிட்ட கைபில் புத்தகம் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய மொத்த வியாபாரிகள் மட்டும், பதிவு பெற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லுக்கு, வேறு கம்ப்யூட்டர் வழியாக இ-இன்வாய்ஸ் எண் பெற வேண்டும்.

இன்றே செய்து வைக்க வேண்டியவை

• மைக்ரோசாஃப்ட் கணக்கு உங்கள் சொந்த ஈமெயிலில் இருக்கட்டும். பாஸ்வேர்டையும் 48 இலக்க எண்ணையும் தாளில் எழுதி, பத்திரங்களோடு வீட்டில் வையுங்கள்.

• தினமும் கடை கட்டும்போது கணக்கைப் பென்டிரைவில் பிரதி எடுங்கள். இரண்டு பென்டிரைவ் வைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுங்கள்.

• பிரதி கடையில் தங்கக் கூடாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியதை நம் மாவட்டம் மறக்காது. மேசையோடு மேசையறையில் உள்ள பென்டிரைவும் நனையும்.

• மாதம் ஒருமுறை அந்தப் பிரதியை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள்.

• படகு வாரியாகப் பாக்கிப் பட்டியலை வாரம் ஒருமுறை அச்செடுத்துக் கல்லாவில் வையுங்கள்.

கம்ப்யூட்டர் எப்போது வேண்டுமானாலும் கெடலாம், அதை மாற்றிக்கொள்ளலாம். கணக்கு நம் கையில் பத்திரமாக இருந்தால், கெட்டது ஓர் இயந்திரம் மட்டுமே. அதற்கான ஏற்பாட்டை வணிக நண்பர்கள் இன்றே செய்துகொள்வது நல்லது.