கொல்லிமலைக் கிணறும் கடவுளின் பராமரிப்பும்

கடவுள் தம் மக்களைப் பராமரிக்கிறார் என்பது நமது விசுவாசத்தின் அடிப்படைகளுள் ஒன்றாகும். எனினும், அப்பராமரிப்பை நம்புகிறவன் தன் பங்காகச் செய்ய வேண்டியது யாது என்னும் வினா எழும்போது, நம் சபைகளில் இருவகையான விடைகளைக் காண்கிறோம். சிலர் ஜெபித்த பின் முயற்சி வேண்டுவதில்லை என்றும், முயல்வது அவிசுவாசம் என்றும் எண்ணுகின்றனர். வேறு சிலர் வாயினால் கடவுளுக்கு நன்றி கூறினாலும், உள்ளத்தில் தம் உழைப்பையும் சேமிப்பையுமே நம்பி வாழ்கின்றனர். இவ்விரு விடைகளும் திருமறைக்கு இசைந்தவையா? இதனைக் கருத்தளவில் மட்டும் ஆராயாமல், நம் நாட்டு மலையொன்றில் நடந்த ஊழியத்தின் வாயிலாக ஆராய்வது பயன் தரும்.

நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலை கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ ஆயிரம் முதல் ஆயிரத்து முந்நூறு மீட்டர் உயரமுடையது. இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து மேலே செல்கின்றது. 1913-இல் அவ்வசதி இல்லை; மலேரியாக் காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் அங்குத் தங்கத் தயங்கினர். அவ்வாண்டில் திருமணம் செய்துகொண்ட ஜெஸ்ஸி பிராண்ட், எவ்லின் பிராண்ட் என்னும் ஆங்கில அருட்பணியாளர்கள் அம்மலையில் குடியேறினர். மலையாளிகள் என்று அழைக்கப்படும் பழங்குடி மக்களிடையே அவர்கள் நற்செய்தி அறிவித்தனர், நோயாளிகளைக் கவனித்தனர், பள்ளிகள் நடத்தினர், தச்சும் விவசாயமும் கற்பித்தனர். பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளருக்கு அறுவை மருத்துவம் செய்து புகழ்பெற்ற டாக்டர் பால் பிராண்ட், 1914-இல் பிறந்த அவர்களுடைய மகன் ஆவார்.

அம்மக்களை வருத்திய நோய்களுள் ஒன்று நரம்புச்சிலந்தி. இந்நோய் பரவும் வகையை அறிந்தால் நம் பொருளும் தெளிவாகும். கண்ணுக்கு எளிதில் புலப்படாத நீர்ப்பூச்சி ஒன்று இப்புழுவின் இளம் உயிரைத் தன்னுள் தாங்கி நிற்கும். அந்நீரை வடிகட்டாமல் குடிப்பவன் உடலில் புழு வளர்ந்து, ஏறத்தாழ ஓராண்டு கழித்து, பெரும்பாலும் காலில் கொப்புளமிட்டு வெளியே தலைகாட்டும். அது ஒரு மீட்டர் நீளம்கூட இருக்கும். அதனை ஒரு குச்சியில் சுற்றி, நாள்தோறும் சிறிது சிறிதாக வெளியே எடுப்பார்கள். எரிச்சல் தாங்காமல் நோயாளி காலைக் கிணற்று நீரில் வைத்தால், புழு எண்ணற்ற குஞ்சுகளை அந்நீரில் விடும். மறுபடியும் ஊரார் அதனையே குடிப்பர். இந்நோயைப் போக்கும் மருந்தோ தடுப்பூசியோ இல்லை. நீரைத் துணியில் வடிகட்டுவதும், புண்பட்ட காலை நீரில் வையாமலிருப்பதும், இறங்கி நீர் மொள்ளும் கிணறுகளைச் சுற்றிச் சுவர் எழுப்புவதுமே தடுக்கும் வழிகள். பிராண்ட் குடும்பத்தார் இவற்றையே பொறுமையுடன் கற்பித்தனர். இந்தியாவில் இந்நோய் கடைசியாகக் காணப்பட்டது 1996-இல். 2000-ஆம் ஆண்டில் நம் நாடு இதனின்று விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. எளிய மக்களின் கைகளே இவ்வெற்றியில் பெரும் பங்கு வகித்தன.

இவண் நாம் கற்பது என்ன? மழையைத் தந்தவர் கடவுள். பாறையினூடே ஊற்றைத் திறந்தவரும் அவரே. மனிதன் ஒரு துளி நீரையும் உண்டாக்கவில்லை. ஆயினும் அந்நீரை வடிகட்டும் வேலையைக் கடவுள் மனிதனிடமே விட்டிருக்கிறார். துணியை ஒதுக்கிவிட்டு ஜெபிப்பவன் விசுவாசத்தில் சிறந்தவன் அல்லன். தன் கையில் தரப்பட்ட ஈவை மறுப்பவன். துணியைப் பிடித்ததனால் நீரும் தன்னுடையதே என்று எண்ணுபவனோ, தந்தவரை மறந்தவன். வனாந்தரத்தில் மன்னா வானத்திலிருந்து வந்தது, ஆனால் காலைதோறும் வெளியே சென்று சேர்த்தவர்கள் இஸ்ரவேலரே (யாத். 16). எண்ணெயைப் பெருகச் செய்தவர் கடவுள், வெறும் பாத்திரங்களை அண்டை வீடுகளில் கேட்டு வாங்கியவள் விதவையே (2 இராஜா. 4). கடவுள் நம்முள் செயலாற்றுவதால் நாம் செயலற்றிருக்கலாம் என்று பவுலடியார் கூறவில்லை, அதனாலேயே நாம் முயல வேண்டும் என்கிறார் (பிலி. 2:12,13).

மற்றோர் உண்மையும் இதில் அடங்கியிருக்கிறது. புண்பட்ட காலைக் கிணற்றில் வைப்பவனுக்கு உடனே கிடைப்பது சுகமே. தீங்கு அடைபவர் ஓராண்டு கழித்து நோயுறும் அயலார். ஆகவே தனிமனிதப் பொறுப்பு என்பது தன்னைத் தானே காத்துக்கொள்வது மட்டும் அன்று. அன்றாட ஆகாரத்திற்காக ஆண்டவர் கற்பித்த ஜெபமும் 'எனக்கு' என்னாது 'எங்களுக்கு' என்று கேட்கும் ஜெபமாகவே அமைந்துள்ளது. கடவுள் பலருக்கென்று தந்த ஊற்றை ஒருவனது கவனக்குறைவு கெடுத்துவிடக்கூடும்.

நிலத்தைப் பற்றியும் இவ்வாறே கூறலாம். டாக்டர் பால் பிராண்ட் தம் சிறுவயது நிகழ்ச்சி ஒன்றை எழுதியிருக்கிறார். மலைச்சரிவின் நெல்வயலில் சிறுவர்கள் தவளை பிடித்து விளையாடினர். சேறு கலங்கிக் கீழ்நோக்கி ஓடியது. வயற்காவல் செய்த முதியவர் ஒருவர் ஒரு கைப்பிடிச் சேற்றை அள்ளிக் காட்டி, அது முன்னோர் காத்துவைத்த வாழ்வு என்றும், ஓடிப்போனால் திரும்ப மேலே வராது என்றும் உணர்த்தினார். ஏதேனில் ஆதாமுக்கு இடப்பட்ட கட்டளையும் தோட்டத்தைப் பண்படுத்துவது மட்டுமன்று, காப்பதுமாகும் (ஆதி. 2:15). கொல்லிமலையில் சாமை, கேழ்வரகு விளைந்த சரிவுகள் பலவற்றில் பின்னர் விற்பனைக்கென மரவள்ளி பரவியது. பணத்தேவை உண்மையானதே, அதற்காக ஏழை உழவரைக் குறைகூறுவது தகாது. ஆனால் கிழங்குக்காகக் கிளறப்பட்ட சரிவிலிருந்து மழையில் மண் கரைந்தோடுமாயின், பிள்ளைகளின் பங்கை நாம் செலவிடுகிறோம் என்பதை மறத்தலாகாது.

இனி, ஒரு தடையை எதிர்கொள்வோம். பொறுப்புடன் நடப்பவனுக்கு ஒருபோதும் குறைவு வராது என்று கூறலாமா? கூற முடியாது. 1929 ஜூன் மாதத்தில் ஜெஸ்ஸி பிராண்ட், மலேரியாவின் கொடிய விளைவாகிய கருநீர்க் காய்ச்சலால் அம்மலையிலேயே காலமானார். அவருக்கு வயது 44 தான். நோயாளரைக் கவனித்தவர் நோயால் மாண்டார். அவர் கவனமின்றி வாழ்ந்தார் என்றோ, அவருடைய விசுவாசம் குறைந்தது என்றோ உரைக்கத் துணிபவர் யார்? எபிரெயர் நிருபத்தின் பதினோராம் அதிகாரம் விசுவாசத்தினால் பட்டயத்திற்குத் தப்பினவர்களையும், அதே விசுவாசத்தினால் பட்டயத்தால் வெட்டுண்டவர்களையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. பராமரிப்பு என்பது நம் கவனத்திற்குக் கிடைக்கும் கூலி அன்று. நம் கடமை நம்முடையது, விளைவு அவருடையது.

இதனை எவ்லின் அம்மையார் வாழ்ந்து காட்டினார். கணவரை அடக்கம் செய்த நாட்டிற்கே அவர் மீண்டும் வந்தார். ஏறக்குறைய எழுபது வயதில், ஓய்வுபெறும் காலம் வந்தபோதும், மலையை விட்டு இறங்க அவர் மனம் இசையவில்லை. கொல்லிமலையிலும் அண்டை மலைகளிலும் முதுமையிலும் குதிரையேறிச் சென்று ஊழியம் செய்தார். 1974 டிசம்பரில், தம் 95-ஆம் வயதில் மறைந்து, கணவரின் கல்லறையருகே கொல்லிமலையில் அடக்கம் செய்யப்பட்டார். கணவர் நாற்பத்துநான்கில் மறைய, மனைவி தொண்ணூற்றைந்து வரை வாழ்ந்தமைக்கு நாம் காரணம் கூற இயலாது. இருவரும் தமக்குத் தரப்பட்ட நாட்களை வீணாக்கவில்லை என்பது மட்டும் நமக்குத் தெரியும்.

ஆகவே, போதகர்களும் சபையாரும் இரண்டு காரியங்களில் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். மருந்தையும் உழைப்பையும் தள்ளிவிட்டு அதனை விசுவாசம் என்று போதியாதிருப்போமாக. துன்புறுகிறவனைக் கண்டு, 'இவன் ஏதோ தவறு செய்தான்' என்று தீர்ப்புச் செய்யாதிருப்போமாக. முன்னது கடவுளின் ஈவை வீணாக்கும். பின்னது கடவுளின் இடத்தில் நம்மை வைக்கும். இன்று குடம் நிறைய நீர் மொள்ளும்போது, அதனைத் தந்தவருக்கு நன்றி செலுத்துவோம். நமக்குப் பின் மொள்ள வருகிறவருக்காக அக்கிணற்றைத் தூய்மையாக வைத்துச் செல்வோம்.