கண்ணுக்குத் தெரியாத குணம்

மூணாற்றிலும் பீருமேட்டிலும் தேயிலைத் தோட்டங்களில் வாழும் நம்மவர்க்குக் கவாத்தைப் பற்றி எடுத்துரைக்கத் தேவையில்லை. கவாத்து முடிந்த மலைச்சரிவு பட்டுப்போனதுபோல் நிற்கும். புதிதாய்க் காண்பவர், செடி மடிந்தது என்றே எண்ணுவர். வேரில் சேர்ந்த மாச்சத்தைக் கொண்டு அது மீண்டும் துளிர்க்க முயல்வதைக் கொழுந்தெடுப்போரே அறிவர். நோயினின்று மீளும் மனிதரின் நிலையும் இத்தகையதே.

தோட்டத்தில் பணிபுரியும் நம் மைத்துனருக்குச் சென்ற ஆண்டு காசநோய் கண்டது. ஒலவக்கோட்டில் நம் ரயில்வே குடியிருப்பில் தங்கி மருந்துண்டார். முதல் 2 மாதம் நான்கு வகை மருந்துகள். பின்னர் 4 மாதம் மூன்று வகை. ஐந்தாம் வாரத்தில் இருமல் தணிந்தது; பசி எடுத்தது. "இனி எதற்கு அத்தான் மாத்திரை?" என்றார். மூன்றாம் மாதத்திலோ, "எடை ஏறவில்லை, மேடேறினால் மூச்சு வாங்குகிறது, இதனால் என்ன பயன்?" என்று சலித்தார். இருமுறையும் வெளித்தோற்றம் அவரை ஏமாற்றியது. இருமல் நின்றபோதும் கிருமி உள்ளே இருந்தது. சலித்தபோதும் நுரையீரல் ஆறிக்கொண்டிருந்தது. இடையில் மருந்தை நிறுத்தினால் எஞ்சிய கிருமிகள் பெருகும். மருந்துக்கு அடங்காத தன்மையும் பெறக்கூடும்.

அவ்வேளையில், சென்னையில் 1956-இல் தொடங்கிய ஆராய்ச்சி ஒன்றை அவருக்கு எடுத்துக் கூறினோம். நகரின் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியத்தில் சேர்க்கப்பட்டனர். மற்றவர்கள் நெருக்கடியான தம் வீடுகளிலேயே இருந்தனர். இரு சாராருக்கும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகள். சானடோரியத்தில் நல்லுணவும் ஓய்வும் கிடைத்தமையால் அங்கிருந்தோரே அதிகம் எடை கூடினர். ஆயினும் 1959-இல் முடிவுகள் வெளியானபோது, வீட்டிலிருந்தோரும் ஏறக்குறைய அவர்களுக்கு நிகராகவே குணமடைந்திருந்தனர். தராசு முள் காட்டியது ஒன்று. நுரையீரலில் நிகழ்ந்தது வேறு. உலகெங்கும் காசநோயாளர் வீட்டிலிருந்தே மருந்துண்ண வழிவகுத்தது அவ்வாராய்ச்சியே.

மனநோய்க்கும் இது பொருந்தும். மனச்சோர்வுக்கு உண்ணும் மருந்து பயன் தரச் சில வாரங்கள் ஆகும். அதற்குள், "மாற்றமே இல்லையே" என்று வீட்டார் கடிந்துகொள்வது பெருந்தீங்கு. தானே எழுந்து குளித்தார், கேட்டதற்கு மறுமொழி சொன்னார் என்பனவும் முன்னேற்றமே. மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கியது, மனச்சிதைவு கண்டவர்கள் மருந்தோடு வேலையும் குடும்ப வாழ்வும் மீளப்பெற வேண்டும் என்பதற்காகவே. மொழி புரியாத ஊரில் யாரிடம் கேட்பது என்று தயங்கும் குடும்பங்கள், அரசின் டெலி மானஸ் உதவிக்கு 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். 2022 முதல் இயங்கிவரும் இவ்வுதவி இலவசமானது, தமிழிலும் பேசலாம்.

நம் மைத்துனரின் அக்காள், அவர் மருந்துண்ட ஒவ்வொரு நாளும் நாள்காட்டியில் ஒரு புள்ளி வைத்துவந்தார். அவர் சலித்த நாட்களில் அப்புள்ளிகளை எண்ணிக் காட்டுவார். ஆறு மாதம் நிறைவுற்றது. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. தோட்டத்துக்குத் திரும்பும்போது அந்நாள்காட்டியையும் அவர் கேட்டு வாங்கிச் சென்றார்.

நோயாளர் உள்ள இல்லங்களில் அன்பர்களும் இவ்வாறு ஒரு கணக்கு வைத்து, அதனை அவருக்கு அடிக்கடி காட்டி ஊக்குவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.