குரலின் பாதை – 9: ஏரி மதகும் தொலைபேசி வாசலும்

அனந்தபுரத்தில் ஒரு வீடு. கூடத்து அலமாரியில் தரைவழித் தொலைபேசி. செஞ்சி வட்டாரத்துக்கான 04145 என்ற எஸ்டிடி குறியீட்டில் தொடங்கும் எண். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் செல்போனில் ஒரு செயலியைத் திறந்து அந்த எண்ணை அழுத்துகிறான். இங்கே மணி அடிக்கிறது. "சாப்ட்டியாப்பா?" என்று அம்மா கேட்கிறார்.

அவன் பேசுவது இணையத்தில். அம்மா கேட்பது செம்புக் கம்பியில். இரண்டும் குணத்திலேயே வேறானவை. போன வாரம் பார்த்தபடி, இணையத்தில் குரல் பொட்டலம் பொட்டலமாகப் போகிறது: ஒன்றில் 20 மில்லிவினாடிப் பேச்சு, வினாடிக்கு 50 பொட்டலங்கள். ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், ஒன்று வழியிலேயே தொலையும். தொலைபேசி நிலையத்திலோ ஓர் அழைப்புக்கு ஒரு தனித்தடம். வினாடிக்கு 8,000 மாதிரிகள், 64 கிலோபிட், இம்மி பிசகாது.

இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கருவிக்கு கேட்வே என்று பெயர். அதன் வேலையை நம் ஏரி மதகை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஏரியில் அலை எப்படி அடித்தாலும் மதகைத் தாண்டி வாய்க்காலில் தண்ணீர் சீராகத்தான் ஓடும். கேட்வேயும் வரும் பொட்டலங்களைக் கொஞ்சம் தேக்கி, வரிசைப்படுத்தி, ஒரே சீராகத் தொலைபேசித் தடத்தில் விடுகிறது. அதிகம் தேக்கவும் கூடாது. ஒரு பக்கத்துத் தாமதம் 150 மில்லிவினாடியைத் தாண்டத் தாண்ட, அம்மாவும் மகனும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட ஆரம்பித்துவிடுவார்கள்.

குரலை மாற்றினால் மட்டும் போதாது. 'மணி அடிக்கிறது', 'எடுத்துவிட்டார்', 'வைத்துவிட்டார்' என்ற செய்திகளை இணையம் எஸ்.ஐ.பி. என்ற மொழியில் சொல்லும். தொலைபேசி நிலையங்கள் எஸ்.எஸ்.7 மொழியில் சொல்லும். அம்மா ரிசீவரை எடுத்த கணத்தை இரு பக்கமும் ஒன்றுபோல் குறித்துக்கொள்ள வேண்டும். கட்டணம் ஓடத் தொடங்குவது அந்தக் கணத்திலிருந்துதான்.

தமிழ்நாட்டுக்கு இந்தச் சந்திப்பு புதிதல்ல. சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய கார்டெக்ட், கம்பியில்லாத ஒரே இணைப்பில் தொலைபேசியையும் இணையத்தையும் சேர்த்துக் கொடுத்தது. இணையப் போக்குவரத்தைத் தொலைபேசி நிலையத்துக்கு முன்பே பிரித்து அனுப்பிவிடும். மேலூர் வட்டாரக் கிராமங்களின் இணைய மையங்கள் 2001-க்குப் பிறகு அதில்தான் இயங்கின.

தொழில்நுட்பம் இருந்தது. அனுமதிதான் இல்லை. 2002 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் இணையத் தொலைபேசி சட்டப்படி செல்லும் என்றானது. ஆனால் இங்குள்ள கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசியை அழைக்கலாம், பக்கத்துத் தெருத் தொலைபேசியை அழைக்கக் கூடாது! தடையை நீக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2008-லேயே பரிந்துரைத்தது. 2017 அக்டோபரில் மறுபடியும் சொன்னது. 2018-ல்தான் கதவு திறந்தது. அந்த ஆண்டே பி.எஸ்.என்.எல். 'விங்ஸ்' என்ற செயலி வழிச் சேவையை அறிவித்தது. இடைப்பட்ட பதினாறு ஆண்டுகள் வீண் என்பதே என் எண்ணம். செல்போன் கோபுரம் எட்டாத கிராமத்தில் வைஃபை வழியே சாதாரண எண்ணை அழைத்திருக்க முடியும். அந்தப் பலனை நம் மக்களுக்குக் கிடைக்கவிடாமல் செய்தது ஒரு விதி.

இப்போது அந்த மதகே வீட்டு வாசல்வரை நகர்ந்து வருகிறது. செம்புக் கம்பிக்குப் பதில் கண்ணாடி இழை வந்த வீடுகளில், சுவரில் மாட்டிய சின்னப் பெட்டிதான் குரலைப் பொட்டலமாக்குகிறது. பழைய தொலைபேசியை அதில் செருகினால் போதும். எண்ணை மாற்றாமல் இழைக்கு மாற வழி உண்டா என்று விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். செம்புக் கம்பிக்குத் தொலைபேசி நிலையமே 48 வோல்ட் மின்சாரம் அனுப்பியது. ஊரே இருட்டில் கிடந்தாலும் ரிசீவரில் டயல்டோன் கேட்கும். இழையில் மின்சாரம் வராது. கரண்ட் போனால் பெட்டி அணையும், தொலைபேசியும் ஊமையாகும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்தை மூழ்கடித்ததை நாம் பார்த்தோம். அப்படியொரு இரவில் 108-ஐ அழைக்க வேண்டியிருக்கலாம். இழை இணைப்பு வாங்கியவர்கள் அந்தப் பெட்டிக்கென்று ஒரு சிறிய யு.பி.எஸ். வாங்கி வையுங்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

(தொடரும்)