ரோபோவின் கண்: ஹஸ்கிலென்ஸ் ஓர் ஆய்வு

கல்லூரிக் கண்காட்சிகளில் மாணவர் செய்து வைக்கும் சிறு ரோபோக்களைக் கண்டோர் ஓர் உண்மையை உணர்ந்திருப்பர். சக்கரம் உருளும், கை அசையும், ஆயினும் எதிரே நிற்பது சுவரா, பூனையா என்பதை அவை அறியா. மீயொலி உணரி தொலைவை மட்டும் சொல்லும். அகச்சிவப்பு உணரி கறுப்பையும் வெளுப்பையும் பிரித்துணரும். அவ்வளவே. இக்குறையைத் தீர்க்க வந்த கருவிகளுள் ஒன்று, சீன நாட்டு டிஎஃப்ரோபோ நிறுவனத்தின் ஹஸ்கிலென்ஸ். செயற்கை நுண்ணறிவு கொண்ட இப்படக்கருவியின் முதற்பதிப்பு வெளிவந்தபோது அதன் விலை ஏறத்தாழ 50 டாலர். இறக்குமதிச் செலவும் சேர்ந்தால் ஒரு மாணவன் தன் தந்தையிடம் தயங்கித் தயங்கிக் கேட்க வேண்டிய தொகை அது. ஆகவே, அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை வாங்குமுன் அறிந்துகொள்வது நலம். இக்கட்டுரையில் நாம் பேசுவது அந்த முதற்பதிப்பைப் பற்றியே.

தீப்பெட்டியினும் சற்றுப் பெரிய பலகை. முன்புறம் வில்லை, பின்புறம் இரண்டு அங்குலத் திரை. மேற்புறத்தில் இரண்டு பொத்தான்கள்: ஒன்று பணியைத் தேர்ந்தெடுக்க, மற்றொன்று கற்பிக்க. முகம் அறிதல், பொருளைத் தொடர்தல், பொருளை அறிதல், கோட்டைத் தொடர்தல், நிறம் அறிதல், குறியீட்டு அட்டை அறிதல், பொருளை வகைப்படுத்தல் என ஏழு பணிகள் இதில் உள்ளன. கற்பிக்கும் முறை மிக எளிது. நிறத்தை அறியச் செய்ய விரும்பின், திரையின் நடுவிலுள்ள கூட்டல் குறியை அந்நிறத்தின் மேல் நிறுத்திக் கற்பிக்கும் பொத்தானை அழுத்தினால் போதும். நிரல் எழுதத் தெரியாத பள்ளிச் சிறுவனும் இதைச் செய்துவிடுவான்.

இக்கருவியின் உண்மையான அருமை இவ்வெளிமையில் இல்லை. அது தன் பணியை எங்கே செய்கிறது என்பதில் உள்ளது. அதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். நம் மாணவர் பெரிதும் கையாள்வது ஆர்டுயினோ ஊனோ என்னும் பலகை. அதன் தற்காலிக நினைவகம் 2,048 பைட்டு. ஹஸ்கிலென்ஸ் திரையளவுள்ள ஒரு படத்தில் 320க்கு 240 என்ற கணக்கில் 76,800 புள்ளிகள். புள்ளி ஒன்றுக்கு இரண்டு பைட்டு எனக் கொண்டால் ஒரே ஒரு படத்தை வைக்க 1,53,600 பைட்டு வேண்டும். அஃதாவது, அப்பலகையின் நினைவகத்தைப் போல் 75 மடங்கு. படத்தை ஆராய்வது இருக்கட்டும். அதனை வாங்கி வைக்கவே அப்பலகையில் இடமில்லை!

இச்சிக்கலை ஹஸ்கிலென்ஸ் தீர்க்கும் வழி நேர்த்தியானது. அது படத்தை அனுப்புவதில்லை. பார்த்ததன் முடிவை மட்டும் அனுப்புகிறது. அதனுள் இருக்கும் கே210 என்னும் செயலி, கானான் நிறுவனம் 2018இல் வெளியிட்டது. நரம்பியல் வலையமைப்புக் கணக்குகளை விரைந்து செய்வதற்கென்றே அதில் ஒரு தனிப்பகுதி உண்டு. (இச்செயலி, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010இல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த வடிவமைப்பைத் தழுவியது. சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சக்தி’ செயலிகளும் அதே வடிவமைப்பையே தழுவியவை என்பதை நம் மாணவர் அறிந்திருத்தல் நன்று.) ஆராய்ச்சி முழுவதும் அங்கேயே முடிந்துவிடுகிறது; இணையம் தேவையில்லை. ஆர்டுயினோவுக்கு வந்து சேர்வன ஐந்தே எண்கள்: பொருளின் நடுப்புள்ளி கிடையில் எங்கே, நெடுக்கில் எங்கே, அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, அது எத்தனையாவதாகக் கற்ற பொருள் என்பன.

இவ்வைந்து எண்களைக் கொண்டு ஒரு வண்டியை ஓட்டிவிடலாம். திரையின் நடு 160. பந்தின் நடுப்புள்ளி 90 என்று வந்தால் பந்து இடப்புறம் இருக்கிறது. வண்டியை இடப்புறம் திருப்ப வேண்டும். 230 என்று வந்தால் வலப்புறம். அகலம் 40 ஆக இருந்தது 80 ஆக வளர்ந்தால் பந்து ஏறத்தாழப் பாதித் தொலைவுக்கு வந்துவிட்டது. வேகத்தைக் குறைக்க வேண்டும். இவ்வளவையும் பத்துப் பன்னிரண்டு வரி நிரலில் எழுதிவிடலாம். பார்வை என்னும் பெரிய செயல் இப்படி ஐந்து எண்ணாகச் சுருங்கிக் கையில் வந்து விழும்போது மாணவர் முகத்தில் தோன்றும் வியப்பைக் கண்டவர்கள் இவ்விலையைக் குறை சொல்லத் தயங்குவர்.

இனி, குறைகளுக்கு வருவோம். ‘பொருளை அறிதல்’ என்ற பெயரைக் கண்டு, எப்பொருளைக் காட்டினாலும் அது பெயர் சொல்லும் என்று எண்ணிவிடக் கூடாது. அப்பணியில் அதற்குத் தெரிந்தவை இருபதே: விமானம், மிதிவண்டி, பறவை, படகு, புட்டி, பேருந்து, கார், பூனை, நாற்காலி, பசு, உணவு மேசை, நாய், குதிரை, மோட்டார் சைக்கிள், மனிதர், தொட்டிச்செடி, செம்மறி, சோபா, ரயில், தொலைக்காட்சி. இவ்விருபதும் எங்கிருந்து வந்தன? ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2005 முதல் 2012 வரை நடத்திய ‘பாஸ்கல்’ பட அறிதல் போட்டியில் இதே இருபது வகைகள்தாம் இருந்தன. ஆகவே செம்மறி உண்டு, வெள்ளாடு இல்லை. சோபா உண்டு, கயிற்றுக் கட்டில் இல்லை. நம் தெருவில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் ஆட்டோவோ அதன் உலகில் இல்லவே இல்லை. ஆட்டோவைக் காட்டினால் ஒன்று, அது வாளாவிருக்கும். அன்றி, தனக்குத் தெரிந்த ஒரு பெயரைச் சூட்டும். கருவியின் அறிவு அதற்குப் பயிற்சியளித்தவர் திரட்டிய படங்களின் அளவினதே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நாம் கண்டதில்லை. ஆட்டோதான் வேண்டுமெனில் ‘வகைப்படுத்தல்’ பணியில் நாமே கற்பிக்கலாம். ஆனால் அங்கே, அது இன்னது என்று மட்டும் சொல்லும்; எவ்விடத்தில் இருக்கிறது என்று சொல்லாது.

நிறம் அறிதலில் வெளிச்சமே முதல் எதிரி. நாம் காலையில் சன்னலோர மேசையில் சிவப்புப் பந்தைக் கற்பித்துவிட்டு, மாலையில் மஞ்சள் விளக்கின்கீழ் அதைத் தேடச் செய்தோம். வண்டி நின்ற இடத்திலேயே சுற்றியது. தவறு நம்முடையதே; கற்பித்த வெளிச்சத்திலேயே சோதிக்க வேண்டும். நிறத்தை நம்பாமல் ஏப்ரல்டேக் என்னும் கறுப்பு வெள்ளைக் கட்ட அட்டைகளைப் பயன்படுத்தினால் இத்தொல்லை பெரிதும் குறையும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான அவ்வட்டைகளைக் காகிதத்தில் அச்சிட்டு ஒட்டிவிடலாம். நம் கருத்தில், இக்கருவியின் மிகப் பயனுள்ள பணி இதுவே. ஆயினும் இதைத் தேடி வருவோர் சிலரே.

பலரும் தேடி வருவது முகம் அறிதலை. முகம் கண்டு திறக்கும் கதவு, முகம் கண்டு வருகை பதியும் பெட்டி என்பன மாணவர் திட்டங்களில் மீண்டும் மீண்டும் காணப்படுவன. செய்து கற்பதில் தடையில்லை. ஆனால் ஒற்றை வில்லையுள்ள படக்கருவிக்கு ஆழம் தெரியாது. உயிருள்ள முகத்தையும் அச்சிட்ட புகைப்படத்தையும் பிரித்துணர அதனிடம் தனி ஏற்பாடு எதுவுமில்லை. வீட்டுக் கதவில் இதைப் பொருத்துவது திருடனுக்குப் புகைப்படம் ஒன்றே போதும் என்று எழுதி ஒட்டுவதற்கு ஒப்பாகும். வருகைப் பதிவிலோ வேறொரு கேடுண்டு. 2018இல் ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் வெளியிட்ட ஆய்வொன்று, முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா எனக் கூறும் வணிக மென்பொருள்களைச் சோதித்தது. வெளுத்த நிற ஆண்களிடம் பிழை மிஞ்சிப்போனால் நூற்றுக்கு 0.8; கருநிறப் பெண்களிடம் அது 34.7 வரை சென்றது. அச்சோதனையில் ஹஸ்கிலென்ஸ் இடம்பெறவில்லை. சோதித்த பணியும் வேறு. ஆயினும் வகுப்பில் அமர்ந்திருக்கும் ஒரு மாணவிக்கு ‘வரவில்லை’ என்று பதியக்கூடிய பெட்டியைச் செய்வோர், தம் வகுப்பின் எல்லா முகங்களையும் கொண்டு சோதிக்காமல் அதனைச் சுவரில் மாட்டலாகாது.

மின்சாரத்தைப் பற்றி ஒரு சொல். ஐந்து வோல்ட்டில் இக்கருவி ஏறத்தாழ 230 மில்லியாம்பியர் எடுக்கும். சக்கர மோட்டார்களுக்குரிய மின்கலத்திலேயே இதனையும் இணைத்தால், மோட்டார் கிளம்பும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து திரை அணைந்துவிடலாம். மோட்டாருக்குத் தனி மின்கலம் வைத்து, தரைக் கம்பிகளை மட்டும் ஒன்றாக இணைக்க வேண்டும்.

தரையில் ஒட்டிய கறுப்பு நாடாவைத் தொடர்வது மட்டுமே நோக்கமெனில், மலிவான அகச்சிவப்பு உணரிகள் இரண்டே போதும். அதற்காக இதை வாங்க வேண்டியதில்லை. பந்தைத் துரத்தவும், அட்டையைக் கண்டு வழி தேரவும், தான் கற்பித்த பொருளை இன்னதென்று சொல்லவும் ஒரு ரோபோவைச் செய்ய விழையும் மாணவர்கள் நால்வர் ஐவராகச் சேர்ந்து ஒன்று வாங்கலாம். துறையே ஒன்றை வாங்கி, நூலகப் புத்தகம் போல் முறை வைத்துக் கொடுக்குமாயின் இன்னும் நன்று.