மீனின் நெற்றிக்கண்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலையடிவாரத்தில் கோமுகி அணை இருக்கிறது. மேற்கே மலை மறைப்பதால் அங்கே பொழுது சற்று முன்னதாகவே சாய்ந்து விடுகிறது. கரையில் நிற்கும் நமக்கு அது தெரிகிறது. நீருக்குள் இருக்கும் மீனுக்கு? கண் இருக்கிறதே என்பீர்கள். கண் இல்லாவிட்டாலும் அதற்குத் தெரியும் என்பதே விந்தை!

1911-ஆம் ஆண்டில் கார்ல் வான் பிரிஷ் என்னும் ஆஸ்திரிய விஞ்ஞானி, பார்வையிழந்த சிறு மீன்களின் தலையுச்சியில் ஒளியைப் பாய்ச்சினார். அவற்றின் மேனி நிறம் மாறிற்று. மூளைப் பக்கத்தில் ஒளியை உணரும் இடம் உண்டென்று அவர் கொண்டது வீண்போகவில்லை. அத்தகைய இடங்களுள் தலையாயது பீனியல் சுரப்பி. மண்டையோட்டின் மெல்லிய எலும்புக்குக் கீழே, கசியும் வெளிச்சத்தை அது நேரே பெறுகிறது. மனிதரின் பீனியலுக்கோ இந்தப் பாக்கியம் இல்லை. கண் சொல்லி, மூளை வழியாகத்தான் அது இரவை அறிய வேண்டும்.

இருட்டினால் மீனின் பீனியல் அணுக்களில் கால்ஸியம் புகுகிறது. அதனால் ஒரு நொதி பெருகி, ஸெரடோனின் என்னும் பொருளை மெலடோனினாக மாற்ற வழி செய்கிறது. 1958-இல் ஆரன் லெர்னர் மாட்டின் பீனியலிலிருந்து பிரித்தெடுத்த பொருள் இதுவே. வெளிச்சம் பட்டதும் கால்ஸியம் குறைகிறது. அணு தான் சேர்த்த நொதியைத் தானே சிதைத்து விடுகிறது. உற்பத்தியும் படுத்துவிடுகிறது. பைக் என்னும் மீனின் பீனியல் அணுக்களை வெளியே எடுத்து ஓயாத இருளில் வைத்தாலும், பகல் இரவு என்று முறை தவறாமல் கணக்கிடுகின்றன. டிரவுட் மீனிடம் அந்தக் கணக்கு இல்லை. இருள் உள்ளவரை சுரந்துகொண்டே இருக்கும்.

இது வெறும் வேடிக்கையன்று. தமிழ்நாட்டு நீர்நிலைகளில் வளர்க்கும் கட்லா, தேங்கிய நீரில் முட்டையிடுவதில்லை. 1957-இல் ஹீராலால் சௌதுரி கெண்டை மீன்களுக்குப் பிட்யூட்டரிச் சாற்றை ஊசியேற்றி முட்டையிடச் செய்தார். குஞ்சுக்கு ஆற்றையே நம்பியிருந்த நிலை அதன் பிறகு மாறத் தொடங்கிற்று. சாந்திநிகேதனத்து விசுவபாரதியில் ஸௌமேன் குமார் மைத்ராவும் அவர் குழுவினரும் அதே கட்லாவின் மெலடோனினை ஆராய்ந்தனர். முட்டை வளரத் தொடங்கும் பருவத்தில் அதை ஊக்கும் மெலடோனின், முட்டையிடும் காலம் நெருங்கியதும் தடுக்கிறதாம்! தாய்மீன் குளத்தருகே இரவெல்லாம் விளக்கெரிப்பவர், அது எந்த மாதம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.